இறையியல் கல்லூரியில் முதல் ஆண்டு: படிப்பு விசுவாசத்தைக் கெடுக்குமா?

சென்னையில் நான்கு ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) தேர்வில் தேறி, வரும் ஜூன் மாதம் பி.டி. என்னும் இறையியல் பட்டப் படிப்பில் சேரவிருக்கும் தம்பி ஒருவர் இரண்டு கேள்விகளை எழுதியனுப்பியிருக்கிறார். இறையியல் கல்லூரியின் முதல் ஆண்டில் அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கும் என்பது ஒன்று. ‘அங்கே போனால் இருக்கிற விசுவாசமும் போய்விடும்’ என்று சபையில் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா என்பது மற்றொன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேகரங்களில், அதாவது ஒரே குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில், குருவானவராகவும், இடையில் சில ஆண்டுகள் இறையியல் ஆசிரியராகவும் இருந்தவன் என்ற முறையில், என் முதலாண்டையும் பின்னர் என் வகுப்பில் உட்கார்ந்த முதலாண்டு மாணவர்களையும் நினைவில் வைத்து இதை எழுதுகிறேன். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபை போன்றவை தங்கள் மாணவர்களை அனுப்பும் கல்லூரிகளைப் பற்றியே சொல்கிறேன். கத்தோலிக்கக் குருமடங்களின் பாதை இதைவிட நீண்டது, அதன் ஒழுங்கும் வேறு.

தம்பி, முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலத்தில் அதிகாலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். தனி ஜெபத்துக்கு அரை மணி நேரம், பிறகு வளாகத்தைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கழிப்பறை கழுவுவது என்று ஆளுக்கொரு வேலை. சிற்றுண்டிக்குப் பின் சிற்றாலயத்தில் ஆராதனை, அதன்பின் மதியம் வரை வகுப்புகள், பிற்பகலில் நூலகம், மாலையில் கைப்பந்து, இரவு ஜெபம், பத்து மணி வரை படிப்பு. ஆராதனையை மாணவர்களே முறைவைத்து நடத்துவார்கள். உங்கள் முறை வரும் வாரத்தில் பாட்டைத் தெரிவு செய்வதிலிருந்து விளக்கேற்றுவது வரை உங்கள் பொறுப்பு. இந்த மணியோசை முதல் மாதத்தில் உங்களுக்குச் சுமையாகத் தெரியும். அலுவலகத்தில் இரவு வேலை பார்த்துப் பழகியவருக்கு இன்னும் கடினமாக இருக்கும். அது எதற்காக இருக்கிறது என்பது எனக்கு நவம்பர் மாதத்தில்தான் புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்களோடு அறையில் இருப்பவர் உங்கள் முதல் பாடப்புத்தகம். நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சபையில் வளர்ந்தவன். ஜெபப்புத்தகத்தைக் கையில் வைத்து, முழங்காலிட்டு, பொதுப் பாவ அறிக்கையை எல்லோரும் ஒரே குரலில் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஆராதனை. என் அறைத்தோழர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். அச்சிட்ட ஜெபத்தை வாசிப்பது அவருக்கு மனதில்லாமல் செய்யும் காரியமாகப் பட்டது. அவர் கண்ணை மூடினால் இருபது நிமிடம் சொந்த வார்த்தையில் ஜெபிப்பார். இரண்டு வாரம் நாங்கள் ஒருவரையொருவர் உள்ளுக்குள் குறைவாக எண்ணிக்கொண்டு வாழ்ந்தோம். திருச்சபை வரலாற்று வகுப்பில்தான் முடிச்சு அவிழ்ந்தது. 1806-இல் கன்னியாகுமரிப் பகுதியிலுள்ள மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். அச்சங்கத்தின் சபைகள் பிற்காலத்தில் அச்சடித்த ஒழுங்குமுறையின்றி ஆராதித்துப் பழகின. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். என்னும் மிஷன் சங்கத்தவர், அவர் உழைத்த பகுதி ஜெபப்புத்தகத்தைப் பின்பற்றும் ஆங்கிலிக்கன் முறையில் வளர்ந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த இரு மரபுகளும், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன் மரபுகளோடு சேர்ந்து, ஒரே திருச்சபைக்குள் வந்தன. காகிதத்தில் 1947-இல் நடந்த அந்த ஐக்கியம் எங்கள் அறைக்குள் பல ஆண்டுகள் கழித்து, ஒரு மழைக்கால இரவில், அவர் என் ஜெபப்புத்தகத்தைக் கேட்டு வாங்கியபோதுதான் வந்து சேர்ந்தது. நானும் அவரிடமிருந்து, புத்தகத்தில் இல்லாத ஒருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன்.

உணவுக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இட்லி, உப்புமா, சாம்பார், புதன்கிழமை முட்டை, ஞாயிறு கறி. ஆனால் அந்த நீண்ட பலகையில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுத் திருச்சபைக்குள் சாதி இல்லை என்று சொல்கிறவர் திருச்சபையை அறியாதவர். ‘தம்பிக்கு எந்த ஊர், எந்தத் தெரு’ என்ற விசாரிப்பு எதை அறிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சுற்றுக்கடிதம் எழுதியதையும், அதைத் தஞ்சாவூரிலும் பிற இடங்களிலும் சபையார் பலர் எதிர்த்துப் பிரிந்து நின்றதையும் எங்கள் ஆசிரியர் விளக்கிய நாளில், வகுப்பில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்த்தவர்களின் வழிவந்தவர்களும் ஒதுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் ஒரே பெஞ்சில் இருந்தோம். அன்று மதியம் ஒரு தலித் மாணவர், இதே பாடத்தைத் தன் பாட்டி வேறு வார்த்தைகளில் தனக்குச் சொல்லியிருப்பதாக மெதுவாகச் சொன்னார். ஆலயத்தில் தனித்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டதை அவர் அம்மா வழிப் பாட்டி கடைசி வரை மறக்கவில்லையாம். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தலித் இறையியல் என்ற துறை இந்திய இறையியல் கல்லூரிகளில் வளர்ந்தது இப்படிப்பட்ட நினைவுகளிலிருந்துதான். அந்தப் பாடத்தை நீங்கள் தேர்வுக்கான பாடமாக மட்டும் படித்துவிடக் கூடாது என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரியவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. முதல் பருவத்திலேயே ஆசிரியர் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வாசிக்கச் சொல்வார். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதர் படைக்கப்படுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில் உருவாக்கப்பட்டு, அவன் தனிமையைப் போக்க மிருகங்கள் உருவாக்கப்படுகின்றன. முன்னதில் ‘தேவன்’ என்று மட்டுமே வருகிறது. பின்னதில் ‘தேவனாகிய கர்த்தர்’ என்று வருகிறது. இதற்கு எபிரெயு தெரிய வேண்டியதில்லை. நம் வீட்டுப் பழைய தமிழ் வேதாகமத்திலேயே இது இத்தனை காலமும் அச்சாகிக் கிடந்தது. ஞாயிறு பள்ளியில் இரு அதிகாரங்களையும் ஒன்றாகக் குழைத்துக் கதையாகக் கேட்டதால் நம் கண்ணில் படவில்லை. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதும் அதே பருவத்தில் வரும். அப்பிரதிகளில், கல்லறைக்குச் சென்ற பெண்கள் பயந்து ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் போனதோடு சுவிசேஷம் நின்றுவிடுகிறது. அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வசனம் போனால் எல்லாம் போகுமே என்ற கணக்கில் நான் அதுவரை விசுவாசித்திருந்தேன்.

எனக்கு அப்போது உதவியவர் ஒரு கிறிஸ்தவர் அல்லர், உ.வே.சாமிநாதையர். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க அவர் எத்தனையோ ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்களை, அதாவது சொல் வடிவங்களை, ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் பாடவேறுபாடு குறித்ததைத் தமிழுக்குச் செய்த அவமதிப்பு என்று யாரும் சொல்வதில்லை. தமிழின் மேல் வைத்த பற்று என்றே சொல்கிறோம். மாற்குவின் பிரதிகளை ஒப்பிடும் அறிஞர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிய பிறகு, அச்சம் ஒரே நாளில் நீங்கவில்லை என்றாலும், உட்கார்ந்து படிக்க முடிந்தது. அந்தப் பெண்கள் பயந்து ஓடிய இடத்தில் நின்றுவிடும் சுவிசேஷத்தை இன்று நான் ஈஸ்டர் காலையில் பிரசங்கிக்கும்போது, சபையில் பயத்தோடு வந்திருக்கும் எத்தனையோ பேர் தலை நிமிர்ந்து கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

மொழிகளைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்கிறேன்: தமிழ் வழியில் படித்தவர் கிரேக்கத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்துகள் மாறி அதன் உறவைக் காட்டுவது ஆங்கிலத்தில் மட்டும் வளர்ந்தவருக்குத்தான் புதுமை. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று வேற்றுமை உருபுகளை ஒப்பித்து வளர்ந்த நமக்கு அது பழைய வீடு. எபிரெயுவை வலமிருந்து இடமாக வாசிக்க ஒரு மாதம் தடுமாறுவீர்கள். ஆனால் பழைய எபிரெயு ஏடுகள் மெய்யெழுத்துகளை மட்டுமே தாங்கியிருந்தன, உயிரொலிக் குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டன என்று கேட்டால், புள்ளியில்லாமல் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளையும், எகர ஏகாரத்தை வேறுபடுத்தாமல் எழுதிய பழைய வழக்கத்தையும் அறிந்தவருக்கு வியப்பு இராது. படிக்கத் தெரிந்தவர் வாயில் ஒலி இருந்தது. ஏடு அதற்குத் துணை நின்றது.

எந்த அளவுக்கு மொழி நம்மை யோசிக்க வைக்கும் என்பதற்கு ஒரு சொல்லைக் காட்டுகிறேன். புயலில் படகு நிரம்பும்போது சீஷர்கள் இயேசுவை எழுப்பிக் கேட்கும் கேள்வி, மாற்கு நான்காம் அதிகாரத்தில், தமிழில் ‘நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா’ என்று இருக்கிறது. கிரேக்கத்தில் தன்மைப் பன்மை ஒன்றுதான். ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு அதில் இல்லை. தமிழில் மொழிபெயர்த்தவருக்குத் தப்பிக்க வழியில்லை, இரண்டில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். ‘நாங்கள்’ என்றால் இயேசு அந்த அழிவுக்குள் இல்லை. சீஷர்கள் மட்டுமே மூழ்குகிறார்கள், அவர் எப்படியும் தப்புவார் என்ற நம்பிக்கையோ, அவருக்கு என்ன கவலை என்ற மனக்குறையோ அதில் ஒலிக்கிறது. ‘நாம்’ என்றால் அவரும் அதே படகில் அவர்களோடு மூழ்கப்போகிறார். ஒரு மணி நேர வகுப்பு முழுவதும் நாங்கள் இதைப் பேசினோம், முடிவு காணவில்லை. அன்றிரவு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஜெபித்தது போல அதற்கு முன் என் வாழ்வில் ஜெபித்ததில்லை. படிப்பு விசுவாசத்தைக் கெடுக்குமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வகுப்புதான்.

ஆனாலும் எல்லா இரவும் அப்படி இராது. இதை மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். நவம்பர் மாதம் வந்தபோது எனக்கு ஜெபம் வற்றிவிட்டது. நாள் முழுவதும் தேவனைப் பற்றிப் பேசி, எழுதி, தேர்வும் எழுதியபின், முழங்காலிட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. கன்வென்ஷன் எனும் நற்செய்திக் கூட்டப் பந்தலில் கண்ணீரோடு என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தவன், சிற்றாலயத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடம் சொல்வது? ஊழியத்துக்குப் படிக்க வந்தவன் ஜெபிக்க முடியவில்லை என்று சொன்னால் திருமண்டலத்துக்கு எழுதிவிடுவார்களோ என்ற பயம் வேறு. கடைசியில் ஓய்வு பெறும் வயதிலிருந்த ஓர் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் அறிவுரை ஏதும் சொல்லாமல், எண்பத்தெட்டாம் சங்கீதத்தை ஒரு மாதம் காலையும் மாலையும் வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். புலம்பித் தொடங்கும் சங்கீதங்களில் பெரும்பாலானவை நம்பிக்கையில் முடியும். இது இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தை வேதாகமம் திருத்தாமல் வைத்திருக்கிறது. மணி அடித்தபோதெல்லாம், மனம் வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துபோய், வேறொருவர் நடத்திய ஆராதனையில் வேறொருவர் தெரிந்துகொண்ட கீர்த்தனையைப் பாடினேன். என்னால் ஜெபிக்க முடியாத நாட்களில் அந்த வளாகம் எனக்காக ஜெபித்தது. அதிகாலை மணி எதற்காக இருக்கிறது என்று முன்னே கேட்டு வைத்தேனே, அது இதற்காகத்தான்.

வார இறுதிகளில் உங்களை ஏதாவது ஒரு சபைக்கு அனுப்புவார்கள். மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, எளிய மக்களின் குடியிருப்புகளில் தங்கவைத்துப் படிக்கச் செய்யும் முறையால் பெயர் பெற்றது. எல்லாக் கல்லூரிகளிலும் அந்த அளவுக்கு இல்லையென்றாலும், ஞாயிற்றுக்கிழமை ஊழியம் எங்கும் உண்டு. எனக்கு ஒரு கிராமச் சபை கிடைத்தது. ஆவணி மாதக் கடைசி. பிறருக்காக வேண்டிக்கொள்ளும் பரிந்துபேசும் ஜெபத்தை நான் நடத்த வேண்டும். மானாவாரி நிலம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் ஆராதனைக்கு முன் வந்து, மழைக்காக ஊக்கமாக ஜெபிக்கச் சொன்னார். அவர் போனபின் ஓர் அம்மா வந்தார். அவரும் அவர் கணவரும் செங்கல் சூளையில் வேலை செய்தார்கள். அறுத்துக் காயவைத்த, இன்னும் சுடாத பச்சைக்கல் முழுவதும் வெளியில் கிடக்கிறது, ஒரு வாரம் மழை வராமல் இருக்க ஜெபியுங்கள் தம்பி என்றார். இருவரும் ஒரே ஆலயத்தில், ஒரே பாயில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரம்தான் ஜெபத்துக்கும் தேவசித்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அதில் ஒரு வரியும் எனக்கு உதவவில்லை. பொதுவாக, ‘தேவனே, உமது சித்தப்படி செய்யும்’ என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் அந்தச் சபையை அன்றாடம் கவனித்து வந்த ஊழியரான உபதேசியார் என்னைத் தனியே அழைத்தார். அவர் கல்லூரிப் படிப்பு படித்தவர் அல்லர். “தம்பி, ரெண்டு பேரும் உங்ககிட்ட சொன்னாங்க. நீங்க ரெண்டையும் சொல்லலையே” என்றார். மறுவாரம் அவரே ஜெபித்தார். விதைத்துக் காத்திருப்பவரின் நிலத்துக்கு மழையைக் கேட்டார். சூளையில் கல்லறுத்தவர்களைப் பெயர் சொல்லி, அவர்கள் கூலி மழையில் கரைந்து போகாதபடி கேட்டார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கேட்டவர்கள் இருவரும் ஆமென் சொன்னார்கள். பிற்காலத்தில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஜெபத்தைப் பற்றிய பாடத்தை எப்போதும் இந்த இருவரிலிருந்தே தொடங்கினேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்களை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தது யார்? நம் வீடுகளில், பிள்ளை பிறக்காதிருந்தபோதோ பிள்ளை நோயில் கிடந்தபோதோ, வேதாகமத்தில் தன் பிள்ளையைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்த அன்னாளைப் போல, அம்மாக்கள் பொருத்தனை (நேர்ச்சை) செய்துவிடுகிறார்கள். என் வகுப்பில் அப்படி வந்தவர்கள் பாதிக்கு மேல் இருந்தோம். நானும் அதில் ஒருவன். அந்தப் பொருத்தனையை மதியுங்கள். ஆனால் அம்மாவின் ஜெபத்துக்கு அம்மாதான் சொந்தம். உங்கள் பதிலை நீங்கள் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டு முடிவில், ‘இது எனக்குரிய அழைப்பு அல்ல’ என்று கண்டு வீட்டுக்குத் திரும்பிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஊரார் அவரைப் பலவாறாகப் பேசினார்கள். அவர் இன்று நல்ல பள்ளி ஆசிரியர், சபையில் பாடகர் குழுவை நடத்துகிறார். அவர் எடுத்த முடிவுக்கு எங்களில் பலரைவிட அதிகத் துணிவு தேவைப்பட்டது. பணத்தைப் பற்றியும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: உங்களோடு வேலையில் சேர்ந்தவர்கள் வீடு வாங்கும்போது உங்களிடம் பேருந்துக் கட்டணத்துக்குத்தான் காசு இருக்கும். தங்கையின் திருமணம், அப்பாவின் மருத்துவச் செலவு போன்ற கடமைகள் இருந்தால், சேருவதற்கு முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கொசுவலை, டார்ச் விளக்கு, நான்கு வேட்டி. உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ அடிக்கோடிட்ட பழைய வேதாகமம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ஆய்வுப் பதிப்புகளுக்குப் பக்கத்தில் அதுவும் மேசையில் இருக்கட்டும், எந்த வசனத்தின் ஓரத்தில் எந்தத் தேதி எழுதியிருக்கிறது என்பது அந்த வசனம் ஒரு வீட்டில் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லும். இப்போது மே மாதம் முடிய நேரம் இருக்கிறது. கிரேக்க எழுத்துகள் இருபத்து நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அம்மாவையும் சேர்த்துக்கொண்டு நாளைக்கு இரண்டாகப் படியுங்கள். கல்லூரி திறப்பதற்குள் முடிந்துவிடும்.